பருப்பு வேகாமல் கையெழுத்து வைக்காதவர்

"அருளப்பு அண்ணை மோசம் போயிட்டாராம்" என்று குறிகட்டுவான் பஸ்ஸில் ஒருவர் சொன்னபோது எனக்கு முதலில் கண்ணீர் வரவில்லை. 'சாவிலும் என்னை முந்திவிட்டாரா?' என்றுதான் நினைத்தேன். அவரை அறிந்த உங்களுக்கு இது கோபத்தைத் தரும். தரட்டும். பொய் சொல்லி அஞ்சலி எழுத எனக்கு ஏலாது.

பிரதேச சபைக் கந்தோரில் இருவருக்கும் ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் காணி பிரிக்கவும் வீடு கட்டவும் அனுமதி கேட்டுச் சனம் குவிந்தது. கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டென்று நிரூபிக்காத ஒருவருக்கும் அவர் கையெழுத்து வைத்ததில்லை. ஆவணி வெயிலில் சைக்கிளில் போவார். அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே பருப்பு அவிக்கச் சொல்லிவிட்டுக் குசினி வாசலில் குந்தியிருப்பார். உவர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. "மாரியில எல்லாக் கிணறும் நல்ல பிள்ளைதான். ஆவணியில கேட்டுப் பாரும்" என்பார். அவர் மறுத்த சனமும் அவரையே தேடி வரும். என் முன்னால் நின்றுகொண்டு, "அண்ணை எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்கும். வயிறு பற்றி எரியும்.

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். சரவணைக் கிராமத்தில் என் மகளுக்குச் சீதனமாக வைத்திருந்த காணிக்கும் அவர் "ஆவணி வரட்டும்" என்றார். அவர் லீவில் நின்ற கிழமை நானே கையெழுத்து வைத்தேன். வீடு எழும்பியது. தண்ணீர் காணாதென்று கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டுவித்தேன். தீவில் பிறந்தவன் செய்கிற வேலையா அது? அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலே வந்துவிட்டது. மகள் கைக்குழந்தையோடு குடத்தையும் தூக்கிக்கொண்டு அயலெல்லாம் அலைந்தாள்.

அவர் வந்தார். ஏசுவார் என்று காத்து நின்றேன். "வெட்டினதை மூடும், ஐசே. கல்லும் மணலும் போட்டுப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவாரும். பிள்ளையைக் கொஞ்சங் கொஞ்சமா அள்ளச் சொல்லும். ரெண்டு மாரி பொறுக்க வேணும்" என்றார். தானும் மணல் சுமந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன்.

அவர் சொன்னபடியே தண்ணீர் தெளிந்தது. வெந்த முதற் சட்டிப் பருப்பை மகள் எனக்குத் தரவில்லை. மூடி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

செத்தவீட்டில் அவள் குழறி அழுதாள். எனக்கும் இப்படி அழுவாளா என்று அங்கேயே நின்று யோசித்தேன். அந்தப் பொறாமைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அது என்னோடு இருக்கட்டும். இனி ஒரு கடுதாசியிலும் நான் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கமாட்டேன். என் பிழையைத் திருத்த அந்த மனிசனுக்கு இன்னொருமுறை இடங்கொடுக்க மாட்டேன்.