கேப்டன் ஆஷ்கோம் திருத்திய எண்

நம்புங்கள் என்று கெஞ்ச மாட்டேன். என் கணவரே நம்பவில்லை. ஆனால் போன வருடம் ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, சிட்னியில், செவன் ஹில்ஸ் பகுதியில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் இது நடந்தது. என் பெயர் பார்கவி. சொந்த ஊர் திருச்சி. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதனால் வேலைதான் போனது.

கம்பெனியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரை எழுத ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். அதில் பெரிய அத்தியாயம் ரூபர்ட் ஆஷ்கோம் என்ற ஆங்கிலேயருடையது. இளம் வயதில் இங்கிலாந்தில் கவுன்ட்டி கிரிக்கெட் ஆடியவர். பெயர் வாங்கும் நேரத்தில் யுத்தம் வந்துவிட்டது. ராணுவத்தில் கேப்டன் ஆனார். 1944இல் இத்தாலியில், பதினான்கு வீரர்களோடு ஓர் ஆற்றைக் கடந்து போய், பதினான்கு பேரையும் உயிரோடு கூட்டிவந்தார். பதக்கம் கொடுத்தார்கள். பிறகு சிட்னிக்கு வந்து, பம்பு விற்று, இருபது வருடம் கம்பெனியையே நடத்தி, 1981இல் இறந்தார்.

கம்பெனியில் எல்லாரும் சொல்லும் கதை இதுதான். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

முதல் ப்ரூஃப் வந்தது. ‘13 பேரை உயிரோடு கூட்டிவந்தார்’ என்று இருந்தது. திருத்தினேன். இரண்டாவது ப்ரூஃபிலும் 13.

என் மேலாளர் ரஞ்சினி யாழ்ப்பாணத்துக்காரர். தாளை என் மேசையில் போட்டார்.

“பார்கவி, ஒரு நம்பரை ஒழுங்கா அடிக்க ஏலாதே? வெளியீட்டுக்கு ஆஷ்கோமின்ர மகன் வாறார். இந்த முறையும் பிழைச்சுதெண்டா உங்கட கொன்ட்ராக்டுக்காக நான் ஒருத்தரோடயும் கதைக்கேலாது.”

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஜூலைக் குளிர். வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.

5.38. 14 என்று அடித்தேன். சேமித்தேன். மூடித் திறந்தேன்.

13.

வடிவமைப்பாளர் விவேக்கைக் கூப்பிட்டேன். அவர் ரயிலில் இருந்தார்.

“விவேக், ஃபைல்ல கை வைக்கிறீங்களா?”

“நான் லாகின்லயே இல்லங்க. போன தடவையும் நீங்கதானே பதிமூணுன்னு அனுப்புனீங்க?”

“பதினாலுன்னுதான் அனுப்பினேன்!”

“ஹலோ... சரியா கேக்கலங்க...”

இணைப்பு அறுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு மாத உழைப்பு ஒற்றை எண்ணில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது! மறுபடி அடித்தேன். 5.51க்குத் திறந்தால் 13. 5.57க்கும் 13. மௌஸை மேசையில் ஓங்கி அடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை 14 போட்டேன்.

6.04. காரிடாரில் சத்தம்.

க்ரக்... க்ரக்... க்ரக்...

அது எனக்குத் தெரிந்த சத்தம். என் கணவர் இங்கே பக்கத்து மெரிலேண்ட்ஸில் கிரிக்கெட் ஆடுகிறவர். ஆணி வைத்த ஷூவோடு கராஜ் சிமென்ட்டில் நடந்தால் இப்படித்தான் கேட்கும்.

“யாரு? ஹூ இஸ் தேர்?”

க்ரக்... க்ரக்... என் அறை வாசல்வரை வந்தது. நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகுதான் உறைத்தது. காரிடார் சிமென்ட். என் அறைக்குள் கார்ப்பெட்.

கார்ப்பெட்டில் நடந்தால் சத்தம் கேட்காது.

புல் வாசனை. அப்போதுதான் வெட்டிய ஈரப் புல். ஜன்னல் மூடிய அறையில்...

என் நாற்காலிக்குப் பின்னால் நூல் அறுகிற சின்னச் சத்தம். பட்... பட்...

திரும்ப முடியவில்லை. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது.

“உனக்கு என்னதான்யா வேணும்?” என்று கத்திவிட்டேன்.

6.12.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

திரையில் 4 அழிந்தது.

3 விழுந்தது.

காதருகே குளிர்ந்த மூச்சு. ஆண் குரல்.

“ப்ளீஸ்...”

அனுப்பும் பட்டனை நான்தான் அழுத்தினேன். 13 என்றே.

க்ரக்... க்ரக்... தூரப் போய்விட்டது.

திங்கட்கிழமை வந்து பார்த்தேன். நாற்காலிக்குப் பின்னால் கார்ப்பெட்டில் பொடிப் பொடியாகத் துளைகள். ரஞ்சினியிடம் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் மலர் அச்சாகிவிட்டது. வெளியீட்டில் ஆஷ்கோமின் மகன் அந்தப் பக்கத்தைப் படித்தார், புத்தகத்தை மூடி வைத்தார், எழுந்து போய்விட்டார். என் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு சரி.

ஐந்து வாரம் கழித்து ரஞ்சினி ஃபோன் செய்தார்.

“பார்கவி, நீங்கள் இங்கிலாந்துக்கு ஆருக்கும் கோல் எடுத்தனீங்களோ?”

“இல்லையே. ஏன்?”

“கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. டோரீன் எண்டு ஒரு அம்மா. தொண்ணூறு வயசு. அவவின்ர தமையனும் ஆஷ்கோமோட ஆத்தைக் கடந்தவராம். பத்தொன்பது வயசுப் பொடியன். காயப்பட்டவனை உயிரோட அங்கயே விட்டிட்டு வந்திட்டினமாம்.”

“அப்போ பதிமூணுதான்” என்றேன்.

“அந்த வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது பன்னிரண்டுக்கு அவவுக்குக் கோல் வந்ததாம். கேப்டன் ஆஷ்கோம் கதைக்கிறன், எண்ணிக்கையைத் திருத்தியாச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவராம்.”

அங்கே காலை 9.12 என்றால் சிட்னியில் மாலை 6.12.

தாள் சரசரத்தது.

“கடைசி வரியையும் வாசிக்கட்டோ?”

“வாசிங்க.”

“‘பிறகு ஃபோனை என்ர அண்ணாவிட்டக் குடுத்தார். இன்னும் அதே சின்னப் பிள்ளைக் குரல்தான். குளிருது எண்டு சொன்னான்.’”