சேவுகன் பந்தியில் உப்புக் கிண்ணம்

என் அக்கா பிரகதாம்பாளின் புருஷன் சேவுகனை எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் யாரும் சமையல்காரர் என்று சொல்ல மாட்டார்கள். மூக்குக்காரர் என்பார்கள். எவ்வளவு பெரிய விசேஷமானாலும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்க மாட்டார். மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தைக் கொடுத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு. "உப்பு ஒரு கை கம்மி" என்பார். போட்டால் கச்சிதமாக இருக்கும்.

"அதெப்படி மச்சான், உப்புக்கு ஏது வாசம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உப்புக்கு வாசம் இல்லடா மாப்ளே. உப்பு சேர்ந்த கறிக்கு ஒரு வாசம், சேராத கறிக்கு ஒரு வாசம். ஒனக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது? ஒன் மூக்குலதான் பொடியப் போட்டு அடைச்சு வச்சிருக்கியே."

நான் மூக்குப்பொடி போடுகிறவன். ஆகையால் இந்த விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது.

மற்ற பந்திகளில் இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைப்பார்கள். மச்சான் பந்தியில் அதற்கு இடமே இல்லை. "என் சாப்பாட்டுக்கு எதுக்குய்யா உப்புக் கிண்ணம்?" என்று விரட்டிவிடுவார். தலைக்கனம்தான். ஆனால் அவர் சமைத்த பந்தியில் இதுவரை எவனும் உப்புக் கேட்டதில்லை என்பதும் உண்மை.

இந்த மோந்து பார்க்கிற பழக்கம் எங்கள் முனி கோயிலில் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கிடாவெட்டு. ஆண்கள்தான் சமைக்க வேண்டும். பெண்கள் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. சாமிக்குப் படைக்கும்வரை எவன் நாக்கிலும் ஒரு பருக்கை படக்கூடாது. படைத்த பிறகு அண்டாவில் எதையும் சேர்க்கக்கூடாது, அது சாமி சாப்பிட்ட மிச்சம். மச்சானின் அப்பா அங்கே சமைத்தார், அவருக்குப் பின் மச்சான். கோயில் பெரியவர் அய்யாக்கண்ணு ஒரு மாதம் முன்னாலேயே வந்து வெற்றிலை பாக்கு கொடுப்பார். வாங்கிவிட்டால் வாங்கியதுதான். சாமி கையில் வாங்கியதாகக் கணக்கு.

இந்த வருஷம் வெற்றிலை வாங்கிய கையோடு, மச்சானுக்குப் பழனிக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. மச்சான், அக்கா, அவர்கள் மகள் ரம்யா, ஓட்டுவதற்கு நான் என்று கிளம்பினோம். ரம்யா புதுக்கோட்டையில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவர் தும்மினால்கூட வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுவாள்.

பழனியில் சாமி முன்னால் மச்சான் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். "என்ன மச்சான், கோயிலையே எழுதி வாங்கப் போறீங்களா?" என்றேன். கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை.

திரும்புகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் முறுக்கு வாங்கினோம். ரம்யா ஒரு கடி கடித்துவிட்டுத் தூ தூ என்று ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை. என் பொடி மூக்குக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சான் மட்டும் இரண்டு முறுக்கைத் தின்றுவிட்டு மூன்றாவதை எடுத்தார். அக்கா அதைச் சட்டென்று அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டது.

"பசி" என்றார் மச்சான்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நான் ஒரு மரமண்டை.

விராலிமலையை நெருங்கும்போது ரம்யா ஆரம்பித்தாள். அங்கே ஒரு மசாலா கம்பெனி தன் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே மியூசியம் வைத்திருக்கிறதாம். கம்பெனியின் பெயர் நமக்கு எதற்கு? அவளுடைய தோழிகள் எல்லாம் போய் போட்டோ எடுத்துவிட்டார்களாம்.

"வேணாம் ஆத்தா, தலை வலிக்குது. வீட்டுக்குப் போவோம்" என்றார் மச்சான்.

"ஒங்க தொழில் சாமான்தானே மச்சான்! புள்ள ஆசையாக் கேக்குது" என்று நானும் சேர்ந்துகொண்டு வண்டியைத் திருப்பினேன்.

உள்ளே ஏசி சிலுசிலுவென்று இருந்தது. எங்கள் கொல்லையில் கிடப்பதைப் போன்ற ஓர் அம்மியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். தொடாதீர்கள் என்று வேறு எழுதியிருந்தது.

"தொட்டா அரைக்கச் சொல்லிருவாங்களோ என்னவோ" என்றது அக்கா.

முதலாளி முதன்முதலில் பொடி விற்கப் போன சைக்கிள், பழைய தராசு, மிளகாய் மூட்டை மாதிரி செய்த பொம்மை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு கூடம். சுவரில் வரிசையாகப் பித்தளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பொத்தானை அமுக்கினால் குழாய் வழியாக ஒரு வாசனை வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு அது என்னவென்று சொல்ல வேண்டும். அங்கே நின்ற பெண்ணின் சட்டையில் காவ்யா என்று பெயர் குத்தியிருந்தது.

ரம்யாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அக்கா, எங்கப்பா பெரிய சமையல் மாஸ்டர். மோந்து பாத்தே உப்பு சொல்லுவாரு. எங்க ஊருல மூக்குக்காரர்னுதான் பேரு!" என்று காவ்யாவிடம், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சுற்றிப் பார்க்க வந்திருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"வேணாம்டி, அப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றது அக்கா. அக்காவின் குரல் சரியாக இல்லை.

அதற்குள் ரம்யா அப்பாவின் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

காவ்யா முதல் பொத்தானை அமுக்கினாள். மச்சான் குழாயில் மூக்கை வைத்து இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"சீரகம்" என்றார்.

ஏலக்காய். தள்ளி நின்ற எனக்கே ஏலக்காய் என்று தெரிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பா, நடிக்காதீங்கப்பா!" என்று ரம்யாவும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த குழாய். மச்சானின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. "இது... மல்லி" என்றார். "ஐயே, பெருங்காயம்!" என்று கூட்டத்தில் ஒரு குழந்தை கத்தியது. மறுபடியும் சிரிப்பு.

மூன்றாவது குழாயில் வெகுநேரம் முகத்தை வைத்திருந்தார். பிறகு துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, இது வேலை செய்யுதா?" என்றார்.

"நல்லா வருதே சார்" என்றது அந்தப் பிள்ளை.

மச்சான் குழாயையே பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சும்மா ஒரு வெளாட்டுக்குத்தான்" என்று பல்லைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ரம்யா அங்கேயே நின்று, 'மூக்குக்காரர் இன்னைக்கு லீவு' என்று எழுதி வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டாள். கூட்டத்தில் சிரிக்காத ஆள் ஒன்றே ஒன்று, என் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தச் சிக்கு முறுக்கு ஞாபகத்துக்கு வந்தது.

ரம்யா ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். நாங்கள் மூன்று பேரும் வேனுக்கு வந்தோம். மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து மச்சான்?"

"போன கிடாவெட்டு முடிஞ்சு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிருச்சு மாப்ளே. டாக்டரு, வந்தா வரும், வராமலும் போகும், பொறுத்துப் பாருங்கன்னுட்டாரு. பூ வாசமும் இல்ல, பீ நாத்தமும் இல்ல."

"பெறகு எப்படி இத்தனை கல்யாணத்துக்குச் சமைச்சீங்க?"

அவர் அக்காவைக் கைகாட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வருஷமாக அக்கா, காய் நறுக்க என்று சொல்லிக்கொண்டு எல்லா விசேஷத்துக்கும் கூடவே போகிறது. "என்ன, புருஷனைக் காவல் காக்கப் போறியா?" என்று நான்தான் ஓயாமல் கேலி செய்வேன். அக்கா அடுப்பருகே போய் மோந்து, யாரும் பார்க்காதபோது கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்து, அவர் காதில் சொல்லியிருக்கிறது. அவர் ஆவியில் முகத்தைக் கொடுத்து அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"கல்யாண வீட்டுல சரிடா. முனி கோயில்ல நான் எப்படி அடுப்புக்கிட்டப் போறது?" என்று அக்கா அழுதது.

"நாக்குல வச்சா உப்பு இன்னமும் தெரியுது மாப்ளே. நாக்குலதான் வைக்கக் கூடாதே" என்றார் மச்சான்.

"வெத்தலையத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? அய்யாக்கண்ணு வந்து வெத்தலைய நீட்டினப்ப, கை பாட்டுக்கு வாங்கிருச்சு. பழனியில நின்னு இதைத்தான் கேட்டேன், அந்த ஒரு நாளைக்கு மட்டும் குடுய்யான்னு." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு எம்பக்கத்துல நீ நில்லு. ஒன் மூக்கையாச்சும் கொஞ்சம் குடு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான். இருந்தாலும் பொடி மட்டையை அங்கேயே சாக்கடையில் வீசினேன். "புள்ளைக்குத் தெரிய வேணாம். அது ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரியுது" என்றார் மச்சான். ரம்யா கையில் ஐஸ்கிரீமோடு ஓடிவந்தாள். "அப்பா, ஒங்க வீடியோவுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு அனுப்புறாங்க!" என்றாள்.

பொடியை விட்டதில் எனக்குத் தலைவலியும் தும்மலும் வந்ததுதான் மிச்சம். மூக்கு திரும்பவில்லை. இத்தனை வருஷம் பாழாக்கிவிட்டு ஒரு மாதத்தில் வா என்றால் வருமா?

கிடாவெட்டு அன்றைக்குக் கண்மாய்க்கரையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களோடு இருந்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம் வீசினாலாவது அக்காவுக்கு ஏதாவது தெரியும் என்று நான் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை.

மச்சான் கறியைத் தாளித்தார், வதக்கினார், மசாலாவைப் போட்டார். அதெல்லாம் கண்ணும் கையும் செய்கிற வேலை, பிசகவில்லை. உப்புக்கு வந்தபோதுதான் சிக்கல். கூடினால் எடுக்க முடியாது என்கிற பயம். அள்ளுவார், பாதியைத் திரும்பச் சாக்கில் போடுவார். கடைசியில் அண்டா கொதித்து நின்றது. சுற்றி நின்ற ஆட்கள் நெருங்கி வந்தார்கள். மூக்குக்காரர் மோந்து சொன்னால்தான் இறக்குவார்கள்.

மச்சான் குனிந்து கண்ணை மூடி இழுத்தார். அத்தனை பயபக்தியோடு எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் குனிந்து இழுத்தேன். புகை வந்தது, மிளகாய்க் காரல் வந்தது. உப்பு இருக்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்? மச்சான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஐயோ, அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை!

"எறக்கு" என்றார்.

படையல் முடிந்தது. இனிப் பெண்களும் வரலாம். பந்தி விரித்தோம். முதல் இலை அய்யாக்கண்ணுவுக்கு. அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். இரண்டாவது வாயையும் வைத்துப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. தலையை நிமிர்த்தாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, கொஞ்சம் உப்பு இருந்தா இங்கிட்டுக் கொண்டா."

வேறு பந்தியாக இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இங்கே வரிசை முழுக்கத் தலை நிமிர்ந்தது. எதிர் வரிசையில் ஒருவன், "அப்ப அந்த வீடியோ..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் இடித்தான். அவ்வளவு போதும். அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த ரம்யா செம்போடு அப்படியே நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காய்ச்சல்மேலா, சாமிமேலா, என் பாழாய்ப்போன மூக்கின்மேலா என்று சொல்லத் தெரியவில்லை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு வழியில்லையே!

உப்புக் கிண்ணம் தேடினால் அங்கே ஏது கிண்ணம்? மச்சானே அடுப்படிக்குப் போய், சாக்கில் மிஞ்சிய உப்பை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் இலையிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் குனிந்தார். "உப்பு?" என்று கேட்டார். "சரியாத்தாண்ணே இருக்கு" என்று சிலர் இலையைக் கையால் மறைத்தார்கள். மறைத்தவர்களின் இலை ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்தார்.

ஆண்கள் எழுந்த பிறகு பெண்கள் பந்தி. ரம்யா கடைசியில் உட்கார்ந்திருந்தாள். சோற்றைத் தொடவில்லை. மச்சான் அவள் முன்னால் வந்து குனிந்தார்.

"கொஞ்சம் வைக்கவா ஆத்தா?"

அவள் ஒரு கை சோற்றை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணும் மூக்கும் ஒழுக மென்றாள்.

"எனக்குச் சரியா இருக்குப்பா. வேணாம்பா."

மச்சான் அவள் விழுங்கி முடிக்கும்வரை நின்றார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து அவள் இலை ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த இலைக்குக் குனிந்தார்.