அந்தரத்தில் நின்ற ராணி

புதன்கிழமை காலை ரயில் பங்காருப்பேட்டையை விட்டு நகரும்போது கைப்பேசி அடித்தது. பியூலா அக்காவின் தங்கை கிரேஸ் அம்மா. இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

“தம்பி, அக்கா போயிட்டாங்க. காபி குடுக்கலாம்னு எழுப்பனேன். எழுந்துக்கல.”

நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் முதலில் என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ‘ஐயோ, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்ன ஆவது?’ என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடியே கூசிப்போனேன். அக்காவைத் தெரிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு என்னையும் தெரியும் என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா இருந்திருந்தால் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டியிருப்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர் பியூலா அக்கா. பெண்களின் கால்பந்துக்கு நடுவராக மைதானம் முழுக்க ஓடியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்து, டாக்டர் மைதானத்துப் பக்கமே போகக்கூடாது என்று சொன்ன பிறகுதான் நம் தங்கச் சுரங்க ஊர் கோரமண்டலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை செஸ் குழுவுக்கு வந்தார். நான் அதன் செயலாளர். முதல் நாள் அரை மணி நேரம் பார்த்தார். பதினான்கு பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

“இன்னா தம்பி இது, சாவு வூடு மாதிரி கீது? யாராச்சும் கைதட்டுவாங்களா, மாட்டாங்களா?”

“செஸ்ல சத்தம் போடக்கூடாதுக்கா.”

“பாக்க ஆளில்லாத ஆட்டம் வெறும் ப்ராக்டீஸ், தம்பி” என்றார். பிறகு இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நாங்கள் ஆடிய அறை, பழைய ஹாலின் பின்பக்க அறை. கால்பந்துக் குழு அதை உடை மாற்றவும் வலைகளை வைக்கவும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹால் கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “அவங்களப் பாக்க ஊரே வருது, உங்களப் பாக்க யாரு வர்றாங்க?” என்று கேட்டிருந்தார். போட்டி ஒன்று நடத்தி ஆளைக் காட்டினால் அறை எங்களுக்கு, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று. வேறு போக்கிடமில்லாத பென்ஷன்காரர்கள் எட்டுப் பேர் அந்த அறையை நம்பி வாரம் பூராவும் காத்திருக்கிறார்கள். அதை என் காலத்தில் தொலைத்தேன் என்று பெயர் வந்துவிடக்கூடாது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா உற்சாகமாகிவிட்டார். செஸ்ஸைக் கால்பந்து மாதிரி ஆக்கினால் ஊர் வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. காய் பலகையிலிருந்து கீழே விழுந்தால் த்ரோ-இன். வெட்டுப்பட்ட காய்களுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பெஞ்சு, அதிலிருந்து ஒரே ஒரு காயை மாற்று ஆட்டக்காரராக இறக்கலாம். ராணியை வெட்டியவர் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி ஓடி வரலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடந்தால் போதும். வெட்டியதை இருவரும் சேர்ந்து ஸ்லோ மோஷனில் மறுபடி செய்து காட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் யோசித்தால் மஞ்சள் அட்டை. எல்லாவற்றுக்கும் மேல், பாதி நேரம் ஆனதும் எண்ட் மாற வேண்டும். இருவரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்து, அதுவரை எதிராளி ஆடிய காய்களை ஆட வேண்டும்.

கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். த்ரோ-இன்னால் காய் தொலையுமே, ஓடினால் யாராவது வழுக்கி விழுவார்களே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயத்தைச் சொன்னேன். எண்ட் மாறுவதற்கு மட்டும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பயப்பட வேண்டிய இடத்தை மட்டும் கோட்டை விட்டுவிட்டேன்.

ஆள் சேர்க்க, சாயங்கால ரயில் வரும் நேரத்தில் என்னைக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெங்களூரிலிருந்து களைத்து இறங்கும் கூட்டத்தின் நடுவே நின்று, நடுவர் விசிலை எடுத்து ஒரே ஊது. ரயில் கிளம்புகிறது என்று நினைத்து மாரிக்குப்பம் போகவேண்டிய நாலு பேர் விழுந்தடித்து ஓடினார்கள். கார்டு இறங்கி வந்து, “யாருங்க அது?” என்று கத்தினார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா அசரவில்லை. கார்டையே ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு வந்தார். அன்றோடு விசிலுக்கு நான் தடை போட்டேன். “சரி தம்பி, செகரெட்டரி சொன்னா செரிதான்” என்றவர், போட்டியன்று பள்ளிக்கூடக் கைமணியைப் பையில் போட்டு எடுத்து வந்தார். ரிடையர் ஆனபோது பிள்ளைகள் கொடுத்தது.

கூட்டம் வந்தது. ஸ்டேஷனில் ஓடிய நாலு பேரும் வந்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். இறுதி ஆட்டம் முனிரத்தினம் அண்ணனுக்கும் வங்கியில் வேலை பார்க்கும் தேவராஜுக்கும். முனிரத்தினம் அண்ணன் நந்திதுர்க் சுரங்கத்தில் ஆட்கள் போகும் இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்க மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. இரண்டு பேருமே வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தார்கள். பாதி நேரத்தில் எதிராளியின் காய்கள் தன்னிடம் வந்துவிடும் அல்லவா? அதனால் தன் குதிரையைச் சும்மா கொடுப்பதும், எதிராளி அதை வெட்டாமல் மரியாதையாக விலகிப்போவதுமாக ஆட்டம் போனது. அக்கா கமென்டரி சொன்னார். “அண்ணன் குதிரைய குடுக்குறாரு, தேவராஜு வோணாங்குறாரு! இன்னா பெருந்தன்மை!” ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

பாதி நேரத்துக்கு ஒரு நொடி இருக்கும். முனிரத்தினம் அண்ணன் தன் ராணியைத் தூக்கி, தேவராஜின் சிப்பாய் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். அக்கா மணியை ஒரு தடவை அடித்தார். அண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. ராணி பலகைக்கு மேலே அந்தரத்தில்.

“டைம் முடிஞ்சிடிச்சி, எடுத்த எடத்துல வைங்க” என்றார் தேவராஜ்.

“வெக்க மாட்டேன்.”

“அப்ப எறக்குங்க.”

“எறக்கவும் மாட்டேன். ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா எறக்கு. மூணு அடிச்சா ஆளுங்க ஏர்றாங்கன்னு அர்த்தம். ஒண்ணுதான அடிச்சாங்க? நின்னுக்கினு கீறேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணி கேட்டதும் கை தானாக நின்றிருக்கிறது, அதன் பிறகு அசைய மறுக்கிறது. பின்வரிசைப் பென்ஷன்காரர்கள் எல்லாரும், “கரெக்டு, ரெண்டு அடிக்காம எப்பிடி எறக்குறது?” என்று எழுந்து நின்றார்கள். நம் சுரங்க ஊரில் மணிக்கு மறுபேச்சுக் கிடையாது. ஹால் முழுக்க ஒரே கூச்சல். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அறை போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

“போதும்க்கா! செஸ்ஸ சர்க்கஸா ஆக்கிட்டீங்க. உங்களால எல்லாம் போச்சு!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். சேலைக்கு மேல் பி.டி. டீச்சரின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருப்பாரே, அந்தப் பையிலிருந்து. ஜனம் கைதட்டியது. அக்கா நிதானமாக மணியை இரண்டு தடவை அடித்தார். ராணி இறங்கியது. இருவரும் நாற்காலி மாறினார்கள். முனிரத்தினம் அண்ணன் தான் கொடுத்த ராணியைத் தானே சிப்பாயால் வெட்டி, “மன்னிச்சிக்கம்மா” என்று அதனிடம் சொன்னார்.

தலைவர் எழுந்தது வெளியே போக இல்லை; உட்கார்ந்த இடத்திலிருந்து பலகை சரியாகத் தெரியவில்லை என்று பக்கத்தில் வந்து நிற்கத்தானாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சென்னாகிதே, நல்லாருக்கு, ரொம்ப நாளாச்சு இப்படிச் சிரிச்சு” என்றார். ஆனாலும் விடவில்லை. “ஒருவாட்டி எல்லாரும் வருவாங்க. இன்னொருவாட்டி நடத்துங்க. அப்பவும் இவ்வளவு பேர் வந்தா ரூம் உங்களுக்கு.” அந்த இன்னொரு தடவைதான் இந்த ஞாயிறு.

அன்று நான் பூட்டை மூன்றாவது தடவை இழுக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “வோணாம் தம்பி. பயப்பட்றவனத்தான் நான் கோல்போஸ்ட்ல கோலியா நிக்க வெப்பேன். பந்து வர்றதுக்கு முந்தியே அவன் பாத்துடுவான். ஆனா பந்து வரும்போது கண்ண மூடிக்கக் கூடாது, அவ்ளோதான்” என்றார். அவர் விட்டுவிட்டார் என்பதற்காக நானும் விட்டுவிட்டேன். அடுத்த ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு. இனி எந்த அட்டை காட்டியும் அது சரியாகாது.

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். ஆனால் முன்னால் நின்றவர்களுக்குத்தான் இது தெரியும். சர்ச் ஐயர் ஜெபத்தை முடித்தார். பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்து நாலு பேர் பிடித்திருந்தோம். நான் கால்மாட்டில். யார் முதலில் தளர்த்துவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் பக்கம் கயிறு வழுக்கியது, பெட்டி சாயப்போகிறது என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். முனிரத்தினம் அண்ணன் துணிப்பையோடு நின்றிருந்தார். நாக்கு கழன்றிருந்த கைமணியைச் சரிசெய்ய அக்கா அவரிடம்தான் கொடுத்திருந்தார்; அதுதான் பைக்குள் இருந்தது. அவர் கிரேஸ் அம்மாவைப் பார்த்தார். கிரேஸ் அம்மா தலையசைத்தார்.

மணி இரண்டு தடவை அடித்தது. நாலு கைகளும் ஒன்றாகத் தளர்ந்தன, பெட்டி கொஞ்சமும் சாயாமல் இறங்கியது. தரை தொட்டதும் ஒரு தடவை அடித்தார். நின்றோம். நான் அழுததை அங்கேதான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கிரேஸ் அம்மா எனக்கு அந்த மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். இதை எழுதும்போது அது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று வாசலில் முனிரத்தினம் அண்ணனிடம் கேட்டேன். அவர் துணிப்பையை என் கையில் திணித்தார்.

“ஞாயித்துக்கெழம நீதான் அடிக்கணும்.”

“நானா? எத்தினிண்ணா?”

“கதவத் தொறந்து வெச்சிட்டு மூணு அடி. ஆளுங்க ஏறட்டும்.”

இன்று வெள்ளிக்கிழமை. எத்தனை பேர் வருவீர்கள் என்று தெரியவில்லை. கமென்டரி சொல்ல எனக்கு வாய் வராது. அறை நிற்குமா, போகுமா, அதுவும் தெரியவில்லை. ஞாயிறு பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு மூன்று தடவை அடிப்பேன், அக்கா. பயமாகத்தான் இருக்கிறது. கண்ணை மூட மாட்டேன்.