பால்கனியில் போய்க் கேளுங்கள், ஆன்ட்டி

1999-இல் நாங்கள் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மகனைக் கீழ்வீட்டு மெக்சிகோக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கும் இரண்டு பெண் குழந்தைகள்.

அவனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் முன்பே தன் கதையைச் சொல்லிவிட்டாள். கணவனின் அடி உதையை மறக்கக் குடிக்கத் தொடங்கினாளாம். குழந்தைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். குடியை விட்டு, கோர்ட்டுக்கு அலைந்து, இருவரையும் மீட்டு வந்தாளாம். "வேற யாராவது சொல்றதுக்குள்ள நானே சொல்லிடணும்ல?" என்றாள், தெரிந்த ஆங்கிலத்தில்.

சரியென்று சொல்லிவிட்டேனே தவிர, மனது அடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் மகனை வாங்கும்போது அவளிடம் வாடை வருகிறதா என்று கவனிப்பேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் முகத்தை அருகில் நீட்டி, "நல்லா மோந்து பாரு. அம்மான்னா பார்க்கத்தான் வேணும்" என்று சிரித்தாள். வெங்காய வாடைதான் வந்தது.

மகனின் முதல் பிறந்தநாளுக்கு அவளையும் அழைத்திருந்தேன். பால்கனியில் அங்கிள்கள் விஸ்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா, டிரைவ் பண்ணப் போறது என் பொண்டாட்டிதானே!" என்று ஒரே சிரிப்பு.

மகன் அவள் இடுப்பில் இருந்தான். எதிர் பிளாக் ஆன்ட்டி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "ஏம்மா, இவ குடிகாரியாமே? சர்ச்ல குடிகாரங்களுக்குன்னு நடக்கிற அந்த மீட்டிங்குக்குப் போறதை நானே பார்த்தேன். படிச்ச பொண்ணு, டேகேர் கிடைக்கலையா உனக்கு?"

அவளுக்குத் தமிழ் தெரியாது. சர்ச், மீட்டிங் என்ற சொற்களும் ஆன்ட்டி பார்த்த பார்வையுமே போதுமாக இருந்தன. மகனை என்னிடம் நீட்டிவிட்டு, கிளம்பலாம் என்று தன் பெண்களைக் கூப்பிட்டாள்.

என் கணவர் கண்ணாலேயே "விட்டுடு" என்றார். அவருக்கு வேலை வாங்கித் தந்தவரே அந்த ஆன்ட்டியின் கணவர்தான். என் வாய்தான் நிற்கவில்லை.

"ஆன்ட்டி, இவ குடிக்கிறதை விட்டவ. அந்த மீட்டிங் அதுக்குத்தான். குடிக்கிறவங்க யாருன்னு பால்கனியில போய்க் கேளுங்க. அவங்க மாத்தி மாத்தி என் குழந்தையைத் தூக்கினப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

பால்கனிச் சிரிப்பு நின்றது. "வாய் ரொம்ப நீளம்" என்று ஆன்ட்டி செருப்பை மாட்டினார். அவருடைய கணவரும் தம்ளரை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். நான் வாசலுக்கு ஓடி, மகனை மறுபடி அவள் கையில் கொடுத்து, உள்ளே இழுத்து வந்தேன். அவள் தூக்கி வைத்திருக்கத்தான் கேக் வெட்டினோம்.

என் கணவர் மறுநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை, பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு மகனைக் கீழ்வீட்டில் விட்டுவந்தது அவர்தான்.

காய்ச்சல் மருந்து கொடுப்பதற்குக்கூட நாலு பேரைக் கேட்கிறவள் நான். ஆனால் அன்று பேசியது சரியா, தவறா என்று இன்றுவரை என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.