பதில் சொல்லும் பாதி

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. நடந்தது. நடந்த அறையிலேயே, அந்தப் பிரம்பு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். ஒரு சத்தம் கேட்டால், எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காத ரகம்.

கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆமென்'. காரணம், வீட்டில் அவர் சொல்லும் ஜெபமாலை.

ஜெபமாலை எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு மணியைப் பிடித்தால் ஒரு 'அருள் நிறைந்த மரியே'. பத்து மணி சேர்ந்தால் ஒரு பத்து. அப்படி ஐந்து பத்து. இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் அந்த ஜெபத்தை நடுவில் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, "இயேசுவும் ஆசி பெற்றவரே" என்று நிறுத்துவார். மற்றவர் அங்கே பிடித்துக்கொண்டு, "தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்று முடிப்பார். லிப்டில் பெட்டி ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் எடைக்கட்டு இறங்குமே, அதுபோல. இரண்டுக்கும் ஒரே கயிறு.

அவர் வீட்டில் தொடங்குவது எப்போதும் மனைவி. பதில் சொல்வது அவர். வேலை முடிந்து வந்த அலுப்பில் கண் செருகும். வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பதில் சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடப்பு. விளைவு, முதல் பாதி அவருக்கு மனப்பாடமே கிடையாது.

"உங்களுக்குப் பாதி மோட்சம்தான். வாசல் வரைக்கும் விடுவாங்க, உள்ள விடமாட்டாங்க" என்பார் மனைவி.

"மேல போற லிப்ட் ஒருநாள் ரிப்பேர் ஆகாமலா போகும்? அன்னிக்கு அவங்களே கூப்பிடுவாங்க."

பிறகு மனைவியின் இதய வால்வு கெட்டது. அறுவை சிகிச்சை என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்த அன்று, மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடி தன் ஜெபமாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் ஒருநாள்கூட விட்டுடாதீங்க."

"எனக்கு முதல் பாதி வராதே."

"பாத்துப் படிங்க. எழுத்துக் கூட்டியாவது படிங்க."

பெண்கள் பிரிவு. துணைக்கு ஒரு பெண்தான் தங்கலாம். மைத்துனி தங்கினாள். அவர் மாலையானால் வீட்டுக்கு வந்து, ஜெப அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு பாதியையும் தானே சொன்னார். முதல் நாள் நாக்குப் புரண்டது. மூன்றாம் நாள் சரளமானது. அதன்பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இத்தனை காலம் வாயில் உருண்ட வார்த்தைகளுக்கு அர்த்தம் இருப்பது அப்போதுதான் உறைத்தது. சொல்வதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்த எண்ணம் இதமாக இருந்தது. அப்போது.

அறுவை சிகிச்சை முடிந்தது. மனைவி கண் திறக்கவில்லை. காத்திருங்கள் என்றார் மருத்துவர்.

மறுநாள் மாலை. மணி ஆறரை. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அவர் முதல் பத்தைத் தொடங்கினார். "...இயேசுவும் ஆசி பெற்றவரே" என்று முடித்து, மூச்சு வாங்க நிறுத்தினார்.

"தூய மரியே, இறைவனின் தாயே..."

பிரம்பு நாற்காலியிலிருந்து வந்தது. மனைவி வழக்கமாக உட்காரும் நாற்காலி. காலியாக இருந்தது.

எழுந்தார். டிவியின் பிளக்கே பிடுங்கியிருந்தது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எதிரொலியோ என்று நினைத்தார். லிப்ட் குழிக்குள் இறங்கிப் பேசினால் நம் குரல் திரும்பி வரும். ஆனால் எதிரொலி நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். நாம் இன்னும் சொல்லாததைச் சொல்லாது.

உட்கார்ந்தார். அடுத்த மணி. முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

பதில் வந்தது.

மனைவியின் குரல். கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். பயமா? இல்லை என்கிறார். கண்ணீர்தான் வந்ததாம். 'எங்கே படுத்திருந்தாலும் ஜெபத்துக்கு வந்துவிட்டாள்' என்று நெஞ்சு நிறைந்ததாம்.

இரண்டாம் பத்தில்தான் காது உறுத்தியது.

பழைய லிப்ட் சில நேரம் ஒரு மாடியில் நிற்காமல் போகும். கதவு திறக்காது. ஆனால் அந்த மாடியைக் கடக்கிற நேரம் கடந்துதான் ஆகவேண்டும். இங்கேயும் அப்படி ஒன்று இருந்தது. "...எங்களுக்காக இப்பொழுதும்" என்று வந்தது. பிறகு ஒரு வெற்றிடம். பிறகு "வேண்டிக்கொள்ளும், ஆமென்."

இன்னொரு மணி உருட்டினார். கூர்ந்து கேட்டார்.

"...இப்பொழுதும்..."

வெற்றிடம்.

"...வேண்டிக்கொள்ளும், ஆமென்."

'எங்கள் இறப்பின் வேளையிலும்' இல்லை.

அவர் மூளை வழக்கம்போல வேலை செய்தது. ஒரு பாகம் ஏன் கழன்றிருக்கும்? தேவைப்படாதபோதுதான் கழற்றுவார்கள். இறப்பின் வேளைக்காக வேண்டிக்கொள்ளத் தேவையில்லாதவர் யார்?

அந்த வேளை முடிந்துபோனவர்.

போனை எடுத்தார். மைத்துனி எடுத்தாள்.

"அக்கா எப்படி இருக்கா?"

"தூங்குறா அத்தான்."

"உண்மையச் சொல்லும்மா."

"தூங்குறான்னு சொல்றேன்ல. நீங்க ஜெபம் சொல்லுங்க. வெச்சிடாதீங்க... இல்ல, வெச்சிடுங்க. ஜெபம் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

நாற்காலியின் பிரம்பு மெல்ல முனகியது... யாரோ நகர்ந்து உட்கார்வதுபோல.

ஓடிவிடலாம். கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. ஆனால் நிறுத்தினால் அவள்? அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்து உட்காரவைத்தது. அந்தக் குரலில் ஒன்று குறைகிறது. குறைவதைப் போட்டு நிரப்பினால்? இறப்பின் வேளை அவளுக்கு இன்னும் முன்னால் இருப்பதாக ஆகிவிட்டால்?

மூன்றாம் பத்து.

"...எங்களுக்காக இப்பொழுதும்..."

"எங்கள் இறப்பின் வேளையிலும்!" கத்தினார்.

"...வேண்டிக்கொள்ளும், ஆமென்."

அடுத்த மணி. வெற்றிடம் வந்தது. நிரப்பினார்.

அடுத்தது. நிரப்பினார்.

நான்காம் பத்து. ஒவ்வொரு முறை அந்த வார்த்தைகளைச் சொல்லும்போதும் உள்ளேயிருந்து எதையோ உருவுவதுபோல இருந்தது... நூல் கண்டிலிருந்து நூல் போவதுபோல.

அறை இருட்டவில்லை. வெயில் அப்படியே இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஐந்தாம் பத்து.

கடைசி மணி.

"...இப்பொழுதும்..."

வாயைத் திறந்தார்.

அதற்குள் அந்தக் குரலே சொன்னது.

"...எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்."

முழுசாக.

பிறகு ஒன்றுமில்லை.

மணி ஏழு ஐந்துக்குப் போன் அடித்தது. மைத்துனி அழுதுகொண்டே சிரித்தாள். "அத்தான், அக்கா கண்ணத் தொறந்துட்டா!"

மனைவி வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக அலமாரித் தூசியைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினார். அவருக்கு அந்தத் திட்டே பெரிய விருந்தாக இருந்தது. நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பு தேறிய பிறகுதான் மைத்துனி அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்குப் போன்ல நான் பொய் சொன்னேன் அத்தான். நீங்க பேசினப்ப அக்கா நெஞ்சு நின்னுபோயிருந்துச்சு. சுத்தி நாலு பேர் நின்னு அமுக்கிக்கிட்டு இருந்தாங்க. போயிடுச்சுன்னே சொல்லிட்டாங்க. ஏழு மணி வாக்குல தானா துடிச்சிச்சு. ஏன்னு டாக்டருக்கே தெரியல."

அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாதது அன்று மாலையே வந்தது.

மனைவி வீடு திரும்பிய நாளிலிருந்து மூவரும் சேர்ந்தே ஜெபமாலை சொல்வது வழக்கம்; அன்றும் உட்கார்ந்தார்கள். மனைவி தொடங்க, அவரும் மைத்துனியும் பதில் சொன்னார்கள். மைத்துனி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இப்போது அவர் மட்டும் பதில் சொன்னார். மூன்றாவது மணியில் மனைவி நிறுத்திவிட்டார்.

"ஏங்க, ஏன் நடுவுல விட்டுட்டுச் சொல்றீங்க?"

"எத விட்டேன்?"

"இறப்பின் வேளையிலும்."

"சொன்னேனே!"

"சொல்லல. தூக்கமா?"

மறுபடி சொன்னார். அட்டையைப் பார்த்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தன் காதில் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. மனைவி முகம் வெளுத்தது. தண்ணீர்ச் சொம்போடு வந்த மைத்துனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். "...எங்களுக்காக இப்பொழுதும்" என்று அவர் குரல். பிறகு கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும். பிறகு "வேண்டிக்கொள்ளும், ஆமென்."

இன்றும் அவர் ஒருநாள்கூட ஜெபமாலையை விடுவதில்லை. நான் போயிருந்தபோதும் சொன்னார்கள். அந்த இடம் வந்தது. அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க, கத்துகிற மாதிரி அசைந்தன.

அறையில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் இருந்தது.