பீலிக்கரையில் என் அம்மாவுக்கு ஒரு பாட்டு

சனிக்கிழமை காலையில் மஹியங்கனை பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால் ஹுன்னஸ்கிரிய வரை நின்றுகொண்டேதான் போகவேண்டும். வாரம் முழுக்கக் கண்டியில் வகுப்பறையில் நின்றது போதாதென்று இது வேறு. யார் என்னைக் கேட்டார்கள்? தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரிகளைச் சேர்த்துப் புத்தகம் போடப்போகிறேன் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். கூட்டங்களில் இதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள் ஒருநாளாவது கூட வந்ததில்லை. பிலிமத்தலாவையில் இருக்கும் என் சிநேகிதி மட்டும் வந்தாள். அவள் ஓவியக்காரி, புத்தகத்துக்குப் படம் வரைகிறவள். மூட்டுவலி வந்தபிறகு அவளும் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து போனிலேயே என்னை வேலை வாங்குகிறாள்.

பிணம் இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது. எனக்குப் பாடிக்கொடுத்த அக்கா, காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக்குக் கூட்டிப்போய்த்தான் வாயைத் திறப்பார். பீலிச் சத்தம் பாதிப் பாட்டை விழுங்கிவிடும். வீட்டுக்கு வந்து, பதிவு செய்த போனைக் காதில் வைத்து, ஓட்டி ஓட்டிக் கேட்டு எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

புருசனுக்கு, அண்ணனுக்கு, பிள்ளைக்கு என்று எல்லாம் பாடினார். தாய்க்கு மகள் பாடுவதை மட்டும் பாடவில்லை. தாய் உயிரோடு இருக்கும்போது மகள் அதை எடுக்கக்கூடாதாம். அவருடைய தாயோ லயத்து வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் வைதுகொண்டு, நல்ல திடமாக இருந்தார். வேறு தோட்டங்களில் கேட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும், “தெரியும் டீச்சர், முழுசா வராது” என்றார்கள். தாய்க்குப் பாட்டில்லாமல் ஒப்பாரிப் புத்தகமா என்று சிநேகிதி பிடிவாதமாக நின்றாள்.

போன் எடுக்கும்போதெல்லாம், “அந்த அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பாள்.

“நல்லாத்தான் இருக்காங்க” என்பேன்.

ஒரு வயசாளியின் சாவுக்குக் காத்திருக்கும் வேலையா இது என்று எனக்கு வெறுத்துப்போனது. அந்தப் பாட்டு இல்லாமலே புத்தகத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் அன்றைக்குப் போனேன்.

அக்கா பீலிக்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏன் டீச்சர், ஒங்கம்மா இருக்காங்களா?” என்றார்.

“இல்லக்கா. கொரோனாவுல போயிட்டாங்க.”

“அப்ப நீங்க பாடலாமே! நான் வெறும் பேச்சா சொல்றேன். ராகம் போட்டு நீங்க பாடுங்க. எனக்கும் தோசமில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கேட்டதில் ராகம் அத்துப்படிதான். வேலை முடிந்தால் சரி என்று போனைக் கல்லின் மேல் வைத்தேன். ஆனால் அவர் வரியைச் சொல்லாமல் என்னை விசாரிக்கத் தொடங்கினார். எப்படிப் போனாங்க? கடைசியா யாரு தண்ணி குடுத்தது? யாரு குளிப்பாட்டினது?

“அதெல்லாம் எதுக்குக்கா? வழக்கமான வரியைச் சொல்லுங்க, போதும்.”

“ஆளத் தெரியாமப் பாடக்கூடாது டீச்சர்.”

சொன்னேன். ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. யார் தண்ணீர் கொடுத்தார்களோ, கொடுத்தார்களோ இல்லையோ, தெரியாது. குளிப்பாட்டவில்லை. சீல் வைத்த பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். முகம் காட்டவில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை. சொல்லும்போதும் கண் கலங்கவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

அக்கா கடையில் சாமான் கேட்பதுபோல, ராகமே இல்லாமல் சொன்னார்:

“பெட்டியில மூடி வச்சான், பெத்த மொகம் காட்டலியே. எட்ட நின்னு பாத்தேனே, என்னப் பெத்த அம்மா.”

முதல் வரியைப் பாடிவிட்டேன். இரண்டாவதில் ‘அம்மா’ வந்த இடத்தில் குரல் உடைந்தது. அதற்குமேல் அது பாட்டாக இல்லை. பள்ளிக்கூடம், புத்தகம், மானம் எல்லாம் மறந்து கதறினேன். அக்கா என் தோளைச் சுற்றிக் கைபோட்டு, இழவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்களே, அப்படி என்னோடு சேர்ந்து அழுதார்.

மேலே லயத்திலிருந்து அவருடைய தாயின் குரல் கேட்டது.

“யாருடி செத்தது?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீச்சரோட அம்மா!” என்று கத்தினார்.

“எப்ப?”

அக்கா என்னைப் பார்த்தார்.

“இப்பத்தாம்மா சேதி வந்துச்சு!”

வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, ஒருநாளும் கண்டிராத என் அம்மாவுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.