உள்ளே இருப்பவர்களின் பட்டியல்

அந்தத் தாளில் ஒரே ஒரு பெயர்தான் கோடு போடாமல் இருந்தது. என் பெயர்.

செர்டாங்கிலிருந்து பஸ்ஸில் போய்வந்த கையுறைத் தொழிற்சாலை. எனக்குக் குளோரின் தொட்டியில் வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அங்கே கணினி வேலை பார்த்த இளைஞரை எல்லாரும் சிஸ்டம் தம்பி என்போம். வாசலில் அட்டையைத் தட்டினால் உள்ளே இருப்பவர் பட்டியலில் பெயர் ஏறும். வெளியே போகும்போது தட்டினால் இறங்கும். அந்த ஜாவா புரோகிராம் அவர் எழுதியது. காஸ் கசிந்தால் வெளியேறுவதற்கான முதல் ஒத்திகையில் சங்கு ஊதியதும் அது பட்டியலைப் பெயர் பெயராக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. அது வாசிக்க வாசிக்க, மூன்று வாசலிலும் ஆட்கள் தட்டி வெளியேற, பட்டியல் மாறிக்கொண்டே இருந்ததாம். அடுத்த ஒத்திகையில், வாசித்து முடியும்வரை யாரும் மாற்ற முடியாதபடி பட்டியலைப் பூட்டினார். அட்டையைத் தட்டினோம், கதவு திறக்கவில்லை.

"தம்பி, நெசமாவே காஸ் வந்தா இங்கயே பொங்கல் வைக்கிறதா?" என்றேன்.

"இனிமே காப்பி எடுத்து அதைத்தான் வாசிக்கும் அண்ணே. அசல் அதுபாட்டுக்கு மாறட்டும் லா."

அதன்பின் வாசிப்பும் பாதியில் நிற்கவில்லை, கதவும் திறந்தது.

ஒரு காலை நிஜமாகவே குளோரின் குழாய் கசிந்தது. சங்கு ஊதிய நொடியில் காப்பி எடுத்தாகிவிட்டது. நான் தட்டி வெளியேறியது அதற்குப் பிறகு. இன்னொரு ஒத்திகை என்று நினைத்தேன். எல்லாரும் கூடும் திடலுக்குப் போகாமல் எதிர்க்கடையில் தே தாரே, நுரை பொங்க ஆற்றிய தேநீர், வாங்கப் போனேன். காப்பியை அச்சிட்ட தாளில், திடலில் நின்றவர்களின் பெயரையெல்லாம் சூப்பர்வைசர் கோடு போட்டு அடித்துவிட்டார். பையில் கட்டிய தேநீரோடு திரும்பியவனை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. "நீ இங்கயா இருக்க? சிஸ்டம் தம்பி உன்னைத் தேடி உள்ள போயிருக்கான்யா."

தீயணைப்புக்காரர்கள்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் போட்டிருந்த முகமூடி சரியாகப் பொருந்தாமல் காஸ் நெஞ்சுக்குள் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்றேன். அசல் பட்டியலை ஒரு தடவை பார்த்திருந்தால் போதுமே என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"காப்பி பழசுன்னு தெரியும் அண்ணே. ஆனா அதுல உங்க பேரு இருந்துச்சு லா."

இப்போது காப்பியில் மிஞ்சும் பெயரை அசலிலும் பார்த்த பிறகே தேட ஆள் உள்ளே போகும். அதற்கான புரோகிராம் வரிகளை அவர் கட்டிலில் இருந்தே எழுதினார்.

திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். அலுவலகம் மாடியில். ஏறும்போது நடுப்படியில் மூச்சுக்கு நிற்பார். நானும் இரண்டு படி கீழே நிற்பேன்.

"நீங்க போங்கண்ணே," என்பார்.

போகமாட்டேன்.